தொடர்களுக்கு யார் யாரோ போடும் மார்க்: எதை நம்பிப் பார்ப்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பிராட்பேண்ட் இணைப்பும் வந்துவிட்டது. வீடியோ தளம் ஒன்றுக்குச் சந்தாவும் கட்டிவிட்டீர்கள். இப்போது திரை முழுக்கத் தொடர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எதைப் பார்ப்பது? பெரும்பாலோர் என்ன செய்கிறோம் என்றால், பிரவுசரில் இன்னொரு டேபைத் திறந்து அந்தத் தொடருக்கு எத்தனை மார்க் என்று தேடுகிறோம். 9 என்றால் பார்க்கிறோம். 6 என்றால் ஒதுக்கிவிடுகிறோம். இந்த மார்க் எப்படிக் கணக்கிடப்படுகிறது, அது நமக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சினிமா பிடிக்கவில்லை என்றால் இரண்டரை மணி நேரத்தோடு போயிற்று. தொடர் அப்படியல்ல. 2002 முதல் 2008 வரை எச்.பி.ஓ.வில் வந்த 'தி வயர்' தொடருக்கு 60 எபிசோடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தினம் ஒன்று பார்த்தாலும் இரண்டு மாத மாலைப் பொழுது அதற்கே சரியாகிவிடும். எனவே தேர்ந்தெடுக்கும் முன் கொஞ்சம் யோசிப்பதில் தவறில்லை.

நான்கு வகை மார்க்

முதலாவது, டி.ஆர்.பி. இது எத்தனை வீடுகளில் பார்க்கிறார்கள் என்ற கணக்கு. இந்தியாவில் 2015 முதல் இதை பார்க் என்ற அமைப்பு வெளியிட்டு வருகிறது. தேர்ந்தெடுத்த வீடுகளின் டிவியில் ஒரு மீட்டரைப் பொருத்துகிறார்கள். சேனலின் ஒலியோடு நம் காதுக்குக் கேட்காத ஒரு அடையாளம் கலந்து வரும். அதை மீட்டர் பிடித்துக்கொள்ளும். டிவி ஓடியது என்பது இதில் தெரியும். ரசித்தார்களா என்பது தெரியாது.

இரண்டாவது, விமர்சகர்களின் மார்க். 1998-ல் தொடங்கிய ராட்டன் டொமேட்டோஸ், 2001-ல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் போன்ற வெப்சைட்டுகள் இதைத் தொகுத்துத் தருகின்றன. மூன்றாவது, பார்வையாளர்கள் போடும் மார்க். ஐ.எம்.டி.பி. தளத்தில் 10-க்கு இத்தனை என்று இருப்பது இதுதான். நான்காவது, 'உங்களுக்காக' என்று வீடியோ தளமே எடுத்துக் காட்டும் பட்டியல்.

இந்த நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. மேலே சொன்ன 'தி வயர்' தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் மிகச் சிறந்த தொடர்களில் ஒன்றாக விமர்சகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் ஒளிபரப்பான காலத்தில் அதற்குப் பார்வையாளர்கள் குறைவு. ஒரு எம்மி விருதுகூடக் கிடைக்கவில்லை. நம் ஊரில் நிலைமை தலைகீழ். 2002 முதல் 2005 வரை சன் டிவியில் வந்த 'மெட்டி ஒலி' ஓடும் நேரத்தில் வீட்டில் போன் வந்தால்கூட எடுக்க ஆள் இருக்காது. அதற்கு எந்த விமர்சகரின் சான்றிதழும் தேவைப்படவில்லை.

சதவீதம் என்றால் மார்க் அல்ல

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. ராட்டன் டொமேட்டோஸில் 100% என்று இருந்தால், நூற்றுக்கு நூறு மார்க் என்று நினைத்துவிடுகிறோம். அது அப்படியல்ல. 'பார்க்கலாம்' என்று சொன்ன விமர்சகர்கள் எத்தனை சதவீதம் என்பதே அந்த எண்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொடருக்கு 100 விமர்சகர்களும் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்று 10-க்கு 6 மார்க் போடுகிறார்கள். இதற்கு 100% கிடைக்கும். இன்னொரு தொடருக்கு 70 பேர் 9.5 மார்க் போடுகிறார்கள், 30 பேர் 4 போடுகிறார்கள். இதற்கு 70%தான். ஆனால் சராசரி மார்க் 7.85. அதாவது, யாருக்கும் வெறுப்பில்லாத சுமாரான தொடர் முன்னால் நிற்கும். பலர் உயிராக நேசிக்கும் தொடர் பின்னால் போய்விடும்.

சராசரியிலும் இதே சிக்கல் உண்டு. பத்துப் பேரும் 6 போட்டாலும் சராசரி 6. ஐந்து பேர் 10, ஐந்து பேர் 2 போட்டாலும் சராசரி 6. ஐ.எம்.டி.பி.யில் அந்த எண்ணின் மீதே கிளிக் செய்யுங்கள். எத்தனை பேர் 10 போட்டார்கள், எத்தனை பேர் 1 போட்டார்கள் என்ற வரைபடம் வரும். இரண்டு முனையிலும் உயரமாக இருந்தால், அது சிலருக்கு மிகவும் பிடித்து, சிலருக்கு அறவே பிடிக்காத தொடர். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை அந்த எண் சொல்லாது.

பட்டுக்கு முத்திரை, கலருக்கு?

நான் காஞ்சிபுரத்துக்காரன். அதனால் எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. பட்டுச் சேலை வாங்கும்போது 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-ல் வந்தது இது. துணி சுத்தமான பட்டு என்பதற்கு அது உத்தரவாதம். ஆனால் அந்த அரக்குக் கலர் உங்களுக்குப் பொருந்துமா, பார்டர் அகலமா சின்னதா என்பதையெல்லாம் முத்திரை சொல்லாது. சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விமர்சகரின் மார்க்கும் விருதும் இந்த முத்திரை மாதிரிதான்.

பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' படம் இதற்குச் சரியான உதாரணம். மகள் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை எடுத்துத் தருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் நெசவாளி ஒருவரின் கதை. 2008-ல் டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 55-வது தேசிய விருதுகளில் சிறந்த படம் என்ற விருது இதற்கும், சிறந்த நடிகர் விருது பிரகாஷ்ராஜுக்கும் கிடைத்தன.

இதை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒருமுறை போட்டோம். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த என் அம்மா முழுப் படமும் பார்த்துவிட்டுச் சொன்னது: "நல்லாத்தான் எடுத்திருக்காங்க. ஆனா இன்னொரு தடவை போடாதே. ராத்திரி தூக்கம் வராது." நெசவு செய்த பெரியப்பாவோ தறி வரும் இடங்களில் எல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டச் சொன்னார்.

அம்மாவிடம் 10-க்கு எத்தனை மார்க் என்று கேட்டால் 9 என்றிருப்பார். நாளைக்கு எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் வேறு படம் சொல்லியிருப்பார். இரண்டும் உண்மையான பதில்கள்தான். 'இது நல்ல படமா?' என்பது ஒரு கேள்வி. 'இன்றைக்கு எனக்கு இது வேண்டுமா?' என்பது வேறு கேள்வி.

10 லட்சம் டாலர் பரிசு

இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காண நெட்பிளிக்ஸ் 2006-ல் ஒரு போட்டி அறிவித்தது. ஏறத்தாழ 4,80,000 சந்தாதாரர்கள் 17,770 படங்களுக்குப் போட்ட சுமார் 10 கோடி மார்க்குகளை வெளியிட்டது. தங்களது சாஃப்ட்வேரை விட 10% துல்லியமாக ஊகிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்றது.

இதில் இருக்கும் அடிப்படை எளிமையானது. நீங்களும் திருச்சியில் இருக்கும் ஒருவரும் 20 படங்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி மார்க் போட்டிருக்கிறீர்கள். அவர் 21-வதாக ஒரு படத்துக்கு 5 ஸ்டார் போட்டால், அதை உங்களுக்குக் காட்டலாம். இதையே லட்சக்கணக்கானோரை வைத்துச் செய்கிறார்கள்.

2009-ல் பரிசு வழங்கப்பட்டது. 0.9525 ஆக இருந்த பிழை அளவு 0.8567 ஆகக் குறைந்தது. அதாவது, மூன்று வருடம் உலகெங்கும் பலர் மூளையைக் கசக்கிய பிறகும், 5 ஸ்டாரில் ஏறத்தாழ ஒரு ஸ்டார் அளவுக்கு ஊகம் தவறத்தான் செய்தது! 'நெப்போலியன் டைனமைட்' போன்ற, சிலர் 5 போட்டும் சிலர் 1 போட்டும் வைத்த படங்கள் போட்டியாளர்களைத் திணறடித்தன.

வென்ற முறையை அப்படியே முழுவதுமாக நெட்பிளிக்ஸ் பயன்படுத்தவும் இல்லை. கிடைக்கும் கூடுதல் துல்லியத்துக்கு அவ்வளவு வேலை கட்டுப்படியாகாது என்று 2012-ல் விளக்கம் கொடுத்தார்கள். 2017-ல் ஸ்டார் போடும் முறையையே எடுத்துவிட்டு, கட்டைவிரல் உயர்த்தும் முறைக்கு மாறினார்கள். இன்று நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதெல்லாமும் கணக்கில் சேர்கிறது.

ஒரே வீடு, நான்கு ரசனை

இங்கேதான் குடும்பங்களில் ஒரு சிக்கல் வருகிறது. ஒரே கம்ப்யூட்டரில், ஒரே புரொபைலில் பாட்டி பக்திப் படமும், தம்பி கொரியன் தொடரும், அப்பா கிரைம் தொடரும் பார்த்தால், தளம் இவர்களை ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்ளும். யார் அதிக நேரம் உட்காருகிறாரோ அவருடைய ரசனையே வீட்டின் ரசனை ஆகிவிடும். வாரம் ஒருமுறை மட்டும் பார்க்கும் பாட்டிக்கு வேண்டியது பட்டியலின் அடியில் போய்விடும். 'இதில் எனக்கு ஒன்றுமே இல்லை' என்று அவர் எழுந்து போனால் அது அவர் தவறல்ல.

இதற்குச் செய்ய வேண்டியவை:

1. ஆளுக்கு ஒரு புரொபைல் உருவாக்குங்கள். நெட்பிளிக்ஸில் 5 வரை வைத்துக்கொள்ளலாம். பாட்டிக்கும் ஒன்று, அவர் படத்தோடு.

2. யாரோ தவறான புரொபைலில் பார்த்துவிட்டால், அக்கவுண்ட் பகுதியில் பார்த்தவற்றின் பட்டியலைத் திறந்து அதை மட்டும் மறைத்துவிடுங்கள்.

3. அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை செட்டிங்ஸில் நிறுத்துங்கள். தூங்கிப்போன பிறகு ஓடியதும் 'பிடித்தது' கணக்கில் சேரக்கூடும்.

நீங்களே ஒரு கணக்கு

எந்த மார்க் உங்களுக்கு ஒத்துவரும் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். ஐந்து கட்டங்கள் போடுங்கள்: தொடரின் பெயர், விமர்சகர் மார்க், ஐ.எம்.டி.பி. மார்க், சிபாரிசு செய்த நண்பர் சொன்ன மார்க், பார்த்தபின் உங்கள் மார்க். எல்லாம் 10-க்கு இருக்கட்டும். விமர்சகர் மார்க் 100-க்கு இருந்தால் 10-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

பத்துத் தொடர் ஆனதும், ஒவ்வொருவர் மார்க்குக்கும் உங்கள் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மைனஸ் வந்தால் மைனஸை விட்டுவிடுங்கள். பிறகு சராசரி எடுங்கள். யாருடைய வித்தியாசம் குறைவோ, அவரே உங்களுக்கு ஏற்ற வழிகாட்டி. அது உலகப் புகழ் பெற்ற விமர்சகராக இருக்கலாம், எதிர்வீட்டு அக்காவாகவும் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் மார்க்கை, மற்றவர் மார்க்கைத் தேடிப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். 9.3 என்று திரையில் பார்த்துவிட்டால், 5 போட நினைத்த கை தானாக 8 போட்டுவிடும். அப்புறம் அந்தக் கட்டத்தில் இருப்பது உங்கள் மார்க் அல்ல.