அம்மோனியா: உலையிலிருந்து மின்கலத்துக்கு

ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது அம்மோனியா. நிறமற்றது, காற்றைவிட இலேசானது, மூக்கைத் துளைக்கும் நெடியுடையது. நீரில் வெகு எளிதாகக் கரைந்து காரமாகிவிடும். கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அரிப்பதால்தான் அது ஆபத்தாகிறது. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, கடற்கரைக் குடும்பங்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓட நேர்ந்தது.

மைனஸ் 33 டிகிரி செல்சியஸில் இந்த வாயு திரவமாகும். அந்தத் திரவம் ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை ஏராளமாக உறிஞ்சிக்கொள்ளும். சிட்னியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் நிக்கோல், 1860களில் இந்தக் குணத்தை வைத்தே குளிர்பதன இயந்திரங்களை உருவாக்கினார். தாமஸ் மார்ட் என்ற வணிகர் பணம் போட்டார். ஆஸ்திரேலிய இறைச்சியை உறையவைத்து இங்கிலாந்துக்கு அனுப்புவதே இருவரின் கனவு. 1876இல் ‘நார்தம்’ கப்பலில் பொருத்திய இயந்திரம் பழுதாகி அந்த முயற்சி தோற்றது. ஆனாலும் அம்மோனியா நிலைத்துவிட்டது. பெரிய குளிர்பதனக் கிடங்குகளிலும் ஐஸ் ஃபேக்டரிகளிலும் இன்றும் ஓடுவது அதுதான்.

உலகம் ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியா தயாரிக்கிறது. அதில் பெரும்பகுதி யூரியா போன்ற உரங்களாகி வயலுக்குப் போகிறது. வெடிமருந்துக்கும் நைலானுக்கும்கூட அது தேவை.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் மூலக்கூறிலுள்ள இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகியிருப்பதால் பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பிணைப்பை உடைத்து, நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்க ஃபிரிட்ஸ் ஹேபரும் கார்ல் போஷும் வழி கண்டார்கள். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. இரும்பு வினையூக்கி, 400 டிகிரிக்கு மேல் வெப்பம், 200 வளிமண்டலம் அளவுக்கு அழுத்தம் என்று அடிப்படை முறை இன்றும் அதேதான். தேவையான ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவதால், ஆண்டுக்குச் சுமார் 45 கோடி டன் கரியமில வாயு வெளியேறுகிறது.

இதற்கு மாற்றுத் தேடுகிறது மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம். டக்ளஸ் மெக்ஃபார்லேன், அலெக்சாண்டர் சிமனோவ் குழுவினர் உலைக்குப் பதில் மின்கலத்தைக் கையிலெடுத்தார்கள். மின்சாரம் பாயும்போது லித்தியம் உலோகம் படிகிறது. அது அறை வெப்பத்திலேயே நைட்ரஜனைப் பற்றிக்கொள்ளும். பாஸ்போனியம் சேர்மம் ஒன்று புரோட்டான்களைச் சுமந்துவந்து கொடுக்க, அம்மோனியா பிறக்கிறது. 2021இல் வெளியான இந்த முறையை 2022இல் மேலும் செம்மைப்படுத்தி, செலுத்திய மின்னோட்டம் ஏறக்குறைய முழுவதும் அம்மோனியாவாக மாறுவதைக் காட்டினார்கள். இதைத் தொழிலாக வளர்க்க ‘ஜூபிடர் அயானிக்ஸ்’ என்ற நிறுவனமும் தொடங்கப்பட்டது.

லித்தியத்தைப் படியவைக்க அதிக மின்னழுத்தம் வேண்டும் என்பதால் மின்செலவு இன்னும் பெரிய தடை. ஆனால் மின்கலத்தைச் சிறிதாகவும் கட்டலாம். சூரிய மின்சாரம் உள்ள பண்ணையிலேயே உரத்துக்கான அம்மோனியாவைத் தயாரிக்க முடிந்தால், எரிவாயு விலை ஏறும்போதெல்லாம் உழவர் தவிக்க வேண்டியதில்லை. உணவுக்காகக் காற்றைக் கெடுக்க வேண்டியதும் இல்லை.