பிள்ளையாருக்குப் போடும் அருகம்புல்தான் கோல்ஃப் மைதானத்திலும்!

சின்னாளப்பட்டியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. சுங்குடிச் சேலை வாங்கத்தான் இங்கே வருவார்கள். ஆனால், கோல்ஃப் மைதானத்தின் ஹீரோ எங்கள் ஊர் வரப்புகளில் எல்லாம் படர்ந்து கிடக்கிறது. அருகம்புல்!

விவசாயிக்கு அது தீராத களை. விநாயகர் சதுர்த்தி அன்று மட்டும் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வரும். இதே புல்லைத்தான் வெளிநாடுகளில் 'பெர்முடா புல்' என்கிறார்கள். அமெரிக்காவின் டிஃப்டன் நகரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, அருகம்புல்லை அதன் ஆப்பிரிக்கச் சொந்தக்காரப் புல்லோடு கலந்து 1956-ல் 'டிஃப்கிரீன்' என்ற ரகத்தைக் கொண்டுவந்தார். அதிலிருந்து கிடைத்த குட்டை ரகமான 'டிஃப்ட்வார்ஃப்' 1965-ல் வந்தது. பந்தைக் குழியில் தள்ளும் 'கிரீன்' பகுதிக்கு இந்தக் குட்டைப் புல்தான் வேண்டும். அங்கே புல்லின் உயரம் 3, 4 மில்லிமீட்டர்தான்!

திண்டுக்கல் மாவட்டத்தில் கோல்ஃப் பார்க்க வேண்டுமென்றால் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏற வேண்டும். அங்குள்ள கிளப் 1895-ல் தொடங்கியது. காட்டுமாடுகள்கூட அங்கே மேய வரும். மார்கழியில் உறைபனி விழும் மலை என்பதால் அங்கே புல்லின் கணக்கே வேறு. குளிரில் அருகம்புல் பழுப்பேறித் தூங்கிவிடும். சென்னை சைதாப்பேட்டை போன்ற சமவெளி மைதானங்களில்தான் அதன் ராஜ்ஜியம்.

மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏற, புல் வேகமாகத் துளிர்க்கும். பராமரிப்பு வேலைக்கு அதுதான் நேரம். முதல் வேலையைப் பார்த்தால் நமக்குப் பகீரென்றிருக்கும். பச்சைப் பசேலென்ற கிரீன் முழுக்க ஓட்டை போடுகிறார்கள்! உள்ளே குழிவான கம்பிகள் பொருத்திய இயந்திரம், விரல் தடிமனுக்கு மண்ணைக் குச்சி குச்சியாகப் பிடுங்கி வெளியே போடும். ஆட்கள் நடந்து நடந்து மண் இறுகிப்போயிருக்கும். இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. கிணற்றடியில் புல் ஏன் சொட்டையாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதே காரணம்தான்.

பிடுங்கிய மண்ணை அள்ளிவிட்டு, ஓட்டைகளில் மணலைத் தூவி பிரஷ்ஷால் தேய்த்து இறக்குவார்கள். பிறகு, பக்கவாட்டில் ஓடும் கொடிகளைச் செங்குத்தான பிளேடுகளால் கீறிவிடுவார்கள். கீறிய இடத்தில் புதுத் துளிர் நேராக எழும். இரண்டு, மூன்று வாரம் பந்து தட்டுத் தடுமாறித்தான் உருளும். விளையாட வருபவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குப் பயந்து இந்த வேலையைத் தள்ளிப்போட்டால், கத்திரி வெயிலில் புல் திட்டுத் திட்டாகக் கருகும். அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மேலாக்க ஓடிவிடும்.

தண்ணீர் என்றதும் திண்டுக்கல்காரிக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. குடம் வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். குடிக்கவே இல்லாதபோது புல்லுக்கா? தண்ணீர் கிடைக்காத ஊர்களில் அந்தக் காலத்தில் கிரீனுக்குப் பதில் 'பிரவுன்' வைத்து ஆடியிருக்கிறார்கள். எண்ணெய் கலந்த மணலைச் சமப்படுத்தினால் பிரவுன் ரெடி! வறண்ட ஊருக்கு அது மோசமான யோசனை இல்லை என்பேன். இன்று பல நாடுகளில் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் மைதானத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். புதிதாக மைதானம் கேட்பவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலில் நாலடிப் புல்தரை இருக்கிறதா? கடப்பாரை நுனியால் அரை அடிக்கு ஒரு துளை போட்டு, மணல் தூவுங்கள். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். தினமும் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் ஆழமாக ஊற்றுவது நல்லது. வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும். பத்து, பதினைந்து நாள் வாசல் அலங்கோலமாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா, "எலி தோண்டிருச்சா?" என்று கேட்டாலும் கேட்பார்!