வனிலா விளையும் பாபாந்த்லா

ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலாவுக்குத் தாயகம் மெக்சிகோ. அந்நாட்டின் கிழக்கே, வெராக்ரூஸ் மாநிலத்துக் குன்றுகளிடையே உள்ள பாபாந்த்லா என்னும் சிறு நகரம் இக்கொடியால் பேர் பெற்றது. இங்குள்ள டோடோனாக் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக இதை வளர்த்து வருகின்றனர்.

ஊர் நடுவே மாதா கோவில். அதன் முற்றத்தில் உயர்ந்த கம்பம் ஒன்று நிற்கிறது. இடுப்பில் கயிறு கட்டிய 4 பேர் உச்சியிலிருந்து தலைகீழாகச் சுற்றிச் சுற்றி இறங்க, 5-வது ஆள் மேலேயே குழலும் சிறு மேளமும் வாசிப்பார். வேடிக்கை போலத் தோன்றினாலும், இது மழை வேண்டிச் செய்த பழைய சடங்கு. ஊருக்கு அருகே எல் தஹீன் என்னும் பழைய நகரின் இடிபாடுகளும், 365 மாடங்கள் கொண்ட படிக்கோபுரமும் உள்ளன. வனிலாக் காய்களைப் பின்னிச் செய்த பூக்களும் தேள்களும் கடைகளில் விற்பனையாகின்றன.

வனிலாப் பூ விடியலில் மலர்ந்து அன்றே வாடிவிடும். பூவினுள் மகரந்தத்தையும் சூல்முடியையும் ஒரு மெல்லிய சவ்வு பிரிப்பதால் தானாகக் காய் பிடிப்பது அரிது. அதனால் பிற நாடுகளில் கொடி வளர்ந்தும் காய்க்கவில்லை. வியாபாரம் இவ்வட்டாரத்தின் கையிலேயே இருந்தது. 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியால் சவ்வை விலக்கி, விரலால் மகரந்தத்தை ஒட்டவைத்துக் காட்டினான். அம்முறை பரவியபின் மடகாஸ்கர் முன்னுக்கு வந்தது. இன்று பாபாந்த்லாவிலும் கைதான் தேனீயின் வேலையைச் செய்கிறது.

இங்கு கொடியை ஆரஞ்சு மரங்களிலும், நம் கல்யாண முருங்கை இனத்தைச் சேர்ந்த பிச்சோகோ மரத்திலும் ஏற்றிவிடுகின்றனர். சித்திரை வாக்கில் பூக்கும். இரண்டு மாதத்தில் காய் முழு நீளம் வந்துவிடும். ஆனால் மணம் கூட மேலும் ஆறேழு மாதம் கொடியிலேயே இருக்க வேண்டும். தொல்லை இங்கேதான். விலை ஏறும் ஆண்டுகளில் திருடர் இரவில் காய்களை அறுத்துப் போவர். பயந்த விவசாயி முன்கூட்டியே பறித்துவிடுகிறார். இளங்காயை எத்தனை நாள் வெயிலில் காயவைத்துப் பாடம் செய்தாலும் மணம் வராது. பூஞ்சணமும் எளிதில் பற்றும். முற்றிய காயிலேயே 5, 6 கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோதான் தேறும். காய் முற்றும் மாதங்களில் வீட்டார் முறை வைத்துத் தோட்டக் காவல் இருப்பதும் உண்டு.