மலிவும் தனித்துவமும்: ஒரே நிறுவனத்தால் இரண்டையும் பேண முடியுமா?

சந்தையில் பொருள் விற்பவருக்கு முன்னால் இரண்டு வழிகளே உள்ளன என்று கூறப்படுவதுண்டு. ஒன்று, ஏனையோரை விடக் குறைந்த செலவில் உற்பத்தி செய்து குறைந்த விலைக்கு விற்பது. மற்றையது, ஏனையோரிடம் கிடைக்காத ஒரு சிறப்பை வழங்கி, அதற்கென உயர்ந்த விலையைப் பெற்றுக்கொள்வது. இவ்விரண்டையும் ஒரே நிறுவனம் ஒரே வேளையில் செய்ய முடியுமா என்ற வினா முகாமைத்துவ வகுப்பறைகளுக்கு மாத்திரம் உரியதன்று. நமது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் நாட்சம்பளம் பற்றிய பேச்சு எழும் போதெல்லாம் இதே வினாதான் வேறு சொற்களில் எழுப்பப்படுகின்றது. சம்பளத்தை உயர்த்தினால் உலகச் சந்தையில் போட்டியிட முடியாது என்று கூறப்படும் போது, இலங்கைத் தேயிலை மலிவைக் கொண்டே போட்டியிடுகின்றது என்ற எடுகோள் அதனுள் மறைந்திருக்கின்றது. அந்த எடுகோள் சரியானதா என்பதை ஆராய்வது அவசியமாகும்.

போர்ட்டரின் எச்சரிக்கை

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர், போட்டி உத்திகள் பற்றி 1980 இல் வெளியிட்ட நூல் இத்துறையில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகின்றது. செலவில் முன்னிலை வகித்தல், தனித்துவம் பேணல், சந்தையின் ஒரு சிறு பகுதியில் மாத்திரம் கவனம் செலுத்துதல் என அவர் மூன்று பொது உத்திகளை வகுத்தார். இவற்றுள் ஒன்றைத் தெளிவாகத் தெரிவு செய்யாத நிறுவனம் நடுவழியில் சிக்கிக்கொள்ளும் என்பதே அவரது எச்சரிக்கையாகும்.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னாலுள்ள தர்க்கம் எளிதானது. ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துத் தைக்கும் தையற்காரரையும், ஒரே அளவில் ஆயிரம் சட்டைகளைத் தைக்கும் தொழிற்சாலையையும் எடுத்துக்கொள்வோம். முன்னவருக்கு நேரமும் கைத்திறனும் மூலதனம். பின்னவருக்கு வேகமும் எண்ணிக்கையும் மூலதனம். தையற்காரர் தொழிற்சாலையின் விலைக்குத் தைக்க முற்பட்டால், ஒன்றில் அளவு பிழைக்கும் அல்லது கடை நட்டத்தில் ஓடும். தொழிற்சாலை ஒவ்வொருவருக்கும் அளவெடுக்க முற்பட்டால் அதன் இயந்திரங்கள் பாதி நேரம் சும்மா கிடக்கும்.

இதற்கு விமானப் போக்குவரத்துத் துறை தெளிவான சான்றொன்றைத் தருகின்றது. 1971 இல் சேவையைத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம் ஒரே வகை விமானங்களைப் பயன்படுத்தி, உணவு போன்ற வசதிகளைத் தவிர்த்து, குறைந்த கட்டணத்தில் பயணிகளை ஏற்றிச் சென்றது. அதன் வெற்றியைக் கண்ட கொன்டினென்டல் நிறுவனம், தனது முழுமையான சேவையைத் தொடர்ந்தவாறே, 1993 இல் மலிவுச் சேவையொன்றையும் தனியாக ஆரம்பித்தது. பயண முகவர்களுக்கு வழங்கி வந்த தரகுப் பணத்தை அதனால் நிறுத்த முடியவில்லை. நெரிசல் மிக்க விமான நிலையங்களில் தாமதத்தையும் தவிர்க்க முடியவில்லை. மலிவு தேடியவரும் திருப்தியடையவில்லை. வசதி தேடியவரும் திருப்தியடையவில்லை. 1995 இல் அச்சேவை கைவிடப்பட்டது.

இரண்டையும் சாதித்தோர்

இருப்பினும் போர்ட்டரின் கூற்று முற்றுமுழுதான விதியன்று. அவரே 1985 இல் வெளியிட்ட தமது அடுத்த நூலில் சில விதிவிலக்குகளை ஏற்றுக்கொண்டார். போட்டியாளர்கள் அனைவரும் நடுவழியில் சிக்கியிருக்கும் போதும், ஒரு நிறுவனம் முக்கியமான புத்தாக்கமொன்றை முதன்முதலில் கைக்கொள்ளும் போதும் இரண்டு அனுகூலங்களும் ஒருசேரக் கிட்டலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. 2005 இல் டபிள்யூ. சான் கிம், ரெனே மொபோர்ன் ஆகிய ஆய்வாளர்கள் 'நீலக் கடல் உத்தி' என்ற நூலில் இதனை மேலும் விரித்துக் கூறினர். வாடிக்கையாளர் பெரிதாக மதிக்காத அம்சங்களை நீக்கி, அவர் மதிக்கும் அம்சங்களை வளர்த்தால் செலவும் குறையும், தனித்துவமும் உயரும் என்பது அவர்களின் வாதமாகும்.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தை இதற்கு உதாரணமாகக் கூறலாம். தரமான மோட்டார் வாகனம் என்றால் அதிக செலவு என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. டொயோட்டாவோ பிழையைக் கண்ட தொழிலாளி உற்பத்தித் தொடரையே நிறுத்துவதற்கு அதிகாரம் அளித்தது. பிழை தோன்றிய இடத்திலேயே திருத்தப்பட்டதால், இறுதியில் வாகனத்தைக் கழற்றித் திருத்தும் செலவு இல்லாதொழிந்தது. தரத்தை உயர்த்திய அதே செயலே செலவையும் குறைத்தது.

சுவீடனின் ஐக்கியா தளபாட நிறுவனத்தின் கதையும் இத்தகையதே. 1950களின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் மேசைக் கால்களைக் கழற்றித் தட்டையான பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. ஒரே வாகனத்தில் பன்மடங்கு தளபாடங்களை ஏற்ற முடிந்ததால் போக்குவரத்துச் செலவு குறைந்தது. வாங்கியவர் பொருளை அன்றே தமது வீட்டுக்குக் கொண்டு சென்று தாமே பொருத்திக்கொண்டார். வடிவமைப்பின் அழகில் நிறுவனம் கைவைக்கவில்லை.

மேற்கூறிய சவுத்வெஸ்ட் நிறுவனமும் இவ்வரிசையில் சேர்கின்றது. தரையிறங்கிய விமானத்தை மிகக் குறுகிய நேரத்தில் மீண்டும் புறப்படச் செய்ததால், ஒவ்வொரு விமானமும் ஒரு நாளில் அதிக தடவைகள் பறந்தது, செலவு குறைந்தது. அதே காரணத்தால் பயணிக்கு அடிக்கடி விமானம் கிடைத்தது, சேவை சிறந்தது.

இந்த உதாரணங்களிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. மலிவும் தனித்துவமும் இரு வேறு திட்டங்களாக அருகருகே வைக்கப்படும் போது ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒரே செயலிலிருந்து இரண்டும் பிறக்கும் போது மாத்திரமே அவை நிலைக்கின்றன. ஆகவே கேட்கப்பட வேண்டியது, 'செலவைக் குறைக்கலாமா?' என்பதன்று, 'எந்தச் செலவைக் குறைப்பது?' என்பதேயாகும்.

ஆடைத் தொழிற்றுறை தந்த பாடம்

நமது நாட்டின் ஆடைத் தொழிற்றுறை இக்கேள்விக்கு ஒருமுறை முகங்கொடுத்தது. பல நாடுகளுக்கு இடையிலான ஆடை ஒதுக்கீட்டு முறை 2004 டிசம்பர் 31 ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்த போது, சீனாவுடனும் பங்களாதேஷுடனும் போட்டியிட முடியாமல் இலங்கையின் தொழிற்சாலைகள் மூடப்படும் எனப் பலரும் அஞ்சினர். கூலியின் மலிவில் பங்களாதேஷை இலங்கையால் வெல்ல முடியாது என்பது தெளிவாகவே தெரிந்தது. எனவே சிறுவர் தொழிலாளரற்ற, தொழிற்சட்டங்களை மதிக்கும் உற்பத்தி நாடு என்ற பெயரைக் கட்டியெழுப்பும் முயற்சி 2006 இல் 'குற்ற உணர்வற்ற ஆடைகள்' என்ற பிரசாரமாக உருவெடுத்தது. 2008 இல் சீதுவையிலும் துல்ஹிரியவிலும் பசுமைத் தொழிற்சாலைகள் இயங்கத் தொடங்கின. மின்சாரத்தையும் நீரையும் மிச்சப்படுத்தும் வகையில் அவை அமைக்கப்பட்டதால் செலவு குறைந்தது. சூழலைப் பேணும் உற்பத்தி என்பதால் பெரிய கொள்வனவாளர்களும் நாடி வந்தனர். இங்கும் ஒரே செயல் இரு பலன்களைத் தந்தது. தொழிலாளர் பிரச்சினைகள் அனைத்தும் இத்துறையில் தீர்ந்துவிட்டன என்று இதற்குப் பொருளல்ல. எனினும், கூலியைக் குறைப்பது மட்டுமே போட்டியிடும் வழியன்று என்பதை இவ்வனுபவம் காட்டியது.

தேயிலை எங்கே நிற்கின்றது?

இனித் தேயிலைக்கு வருவோம். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கிய வர்த்தகப் பயிர்ச்செய்கை, 'சிலோன் டீ' என்ற பெயரை உலகெங்கும் நிலைநாட்டியது. கென்யா பெருமளவில் உற்பத்தி செய்வது தேயிலைப் பைகளுக்கு ஏற்ற சிறுமணித் தேயிலையாகும். இலங்கையோ பெரும்பாலும் பாரம்பரிய முறையில் சுருட்டிப் பதப்படுத்தப்படும் தேயிலையை உற்பத்தி செய்கின்றது. செங்குத்தான மலைச்சரிவுகளில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் பறிப்பதே இதன் சிறப்புக்கு அடிப்படை. அதனாலேயே இங்கு உற்பத்திச் செலவும் உயர்வு. ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையும் பொதுவாக உயர்வு. அதாவது, இலங்கைத் தேயிலை தனித்துவத்தின் பாதையைத் தெரிவு செய்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது.

அவ்வாறாயின் சம்பள விடயத்தில் மாத்திரம் மலிவுப் போட்டியின் மொழி பேசப்படுவது ஏன்? தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2019 இல் 700 ரூபாவாகவும், 2021 இல் கொடுப்பனவுடன் சேர்த்து 1000 ரூபாவாகவும், 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்ட ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் செலவு தாங்காது என்ற குரலே ஒலித்தது. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கின்றார் என வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஏறத்தாழ 4 கிலோ தேயிலை கிடைக்கும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் அது 2000 கோப்பைத் தேநீராகும். 1350 ரூபாவை 2000 ஆல் வகுத்தால், ஒரு கோப்பைக்குப் பறித்தவரின் கூலி ஒரு ரூபாவை எட்டவில்லை. வெளிநாட்டுக் கடைத்தட்டில் அந்தத் தேநீரை வாங்குபவர், இந்தச் சதங்களைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ தமது தெரிவை மாற்றப் போவதில்லை.

தோட்டக் கம்பனிகளின் சிரமத்தையும் புறந்தள்ள முடியாது. அவற்றின் தேயிலையில் பெரும்பகுதி மொத்தமாக ஏலத்தில் விற்கப்படுவதால், கடைத்தட்டின் விலை அவற்றின் கைக்கு வருவதில்லை. உற்பத்திச் செலவில் தொழிலாளர் செலவே அரைவாசிக்கும் மேற்பட்டது என்பதும் உண்மையே. ஆனால் அதற்கான பரிகாரம் கூலியில் இல்லை.

1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்ட போது பல தோட்டங்களில் இருந்தவை முதிர்ந்த பழைய செடிகளே. 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய உயர்விளைச்சல் செடிகளை மீள்நடுகை செய்தால், அதே கை அதே நேரத்தில் கூடுதலான கொழுந்தைப் பறிக்கும். கிலோவுக்கான செலவு குறையும். சம்பளத்தை உயர்த்தவும் இடமேற்படும். டொயோட்டாவும் ஐக்கியாவும் கண்ட அதே வகைச் செயல் இதுவாகும். ஆயினும் நட்ட செடி பலன் தரச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால் இப்பணி போதியளவு வேகத்தில் நடைபெறவில்லை.

மறுபுறத்தில் விலையின் பெரும்பங்கு பொதியிடலிலும் பெயரிலுமே உள்ளது. மெரில் ஜே. பெர்னாண்டோ 1980களில் டில்மா என்ற பெயரில் இலங்கையிலேயே பொதியிட்ட தேயிலையை அவுஸ்திரேலியச் சந்தைக்குக் கொண்டு சென்றமை, இந்நாட்டின் நிறுவனமொன்றாலும் அந்தப் பங்கைப் பெற முடியும் என்பதை நிரூபித்தது. இலங்கையில் பொதியிடப்பட்ட நூறு வீதத் தூய தேயிலைக்கு மாத்திரம் வழங்கப்படும் சிங்க இலச்சினையும் இதே நோக்கத்தைக் கொண்டது.

தனித்துவம் என்பது அறிவிப்பினால் மாத்திரம் வந்துவிடாது என்பதற்கும் நம்மிடம் அனுபவம் உண்டு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்ட போது, சேதன முறையில் விளைந்த தேயிலைக்கு உயர்ந்த விலை கிட்டும் எனக் கூறப்பட்டது. மண்ணோ, மாற்று உரமோ, சந்தையோ அதற்குத் தயாராக இருக்கவில்லை. நவம்பரில் தேயிலைக்கான தடை நீக்கப்பட்ட போதிலும் பாதிப்பு நின்றுவிடவில்லை. 2021 இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி 2022 இல் சுமார் 250 மில்லியன் கிலோவாக வீழ்ச்சியடைந்தது. செலவும் குறையவில்லை, சிறப்பும் கூடவில்லை. நாடே நடுவழியில் சிக்கிய சம்பவம் அது.

ஆக, மலிவும் தனித்துவமும் ஒருசேரச் சாத்தியமே. ஆனால் சிறப்பை உண்டாக்கும் செலவைக் காத்து, சிறப்புக்குப் பங்களிக்காத செலவைக் களைபவருக்கே அது சாத்தியமாகும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறிக்கும் கையே இலங்கைத் தேயிலையின் தனித்துவம். அந்தக் கைக்குரிய கூலியைக் களையப்பட வேண்டிய செலவாகக் கருதினால், இளந்தலைமுறை கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் செல்வது தொடரும். கொழுந்து மலையிலேயே முற்றிப் போகும். அதன் பின்னர் மலிவு பற்றிப் பேசவும் தனித்துவம் பற்றிப் பேசவும் தேயிலை இருக்காது.