பாட்டியின் வயதும் நாட்டின் வரலாறும்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும் அறப்பளீசுவரர் கோவிலும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தார் அல்லர், காஞ்சிபுரத்திலிருந்து குடியேறியதாகச் சொல்லிக்கொள்ளும் தமிழர்) தம் வாழ்நாளை அளக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியிடம் வயதைக் கேட்டால் எண் வருவதில்லை. ஒரு நிகழ்ச்சிதான் வரும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டினது. அதற்கு முன் மலைக் குடிசையில் பிறந்த பலரின் பிறப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆகவேதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்போர், ஊரறிந்த நிகழ்ச்சிகளை நினைவூட்டி வயதைக் கணிக்குமாறு அறிவுறுத்தப் பெற்றனர்.

எந்த நிகழ்ச்சியைக் கேட்பது? 1947 ஆகஸ்டு 15 என்போம் நாம். தில்லியில் ஏறிய கொடி, சாமைக் கொல்லையில் நின்ற சிறுமிக்கு எப்படித் தெரியும்? நாணய மாற்றமோ எல்லார் கைக்கும் வந்து சேர்ந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு மாறி, 1957 ஏப்ரல் முதல் நாள் நூறு நயா பைசா வந்தது. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு ஏது? ஆறுதான் கிடைக்கும். நாலணாவாகச் சேர்த்து மாற்றினால் இருபத்தைந்து, கணக்கு நேராகும். சந்தையில் பலாப்பழம் விற்றவர் இதை மறப்பாரா? முதற்குழந்தை பிறந்தது அணாக் காலத்திலா, பைசாக் காலத்திலா என்று கேட்டாற் போதும். 'நயா' என்ற சொல் 1964இல் நீங்கியது. அதுவும் ஓர் எல்லைக்கல்.

1943 அளவில் பிறந்த பாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் பிறந்தார். 1969 முதல் அவர் தமிழ்நாட்டினர். சேலம் மாவட்டத்தில் வாழ்ந்தவர், 1997இல் நாமக்கல் மாவட்டத்தினர் ஆனார். குடிசையோ இடம் பெயரவில்லை! 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது அவருடைய கடைக்குட்டி பள்ளிக்குச் சென்றிருக்கலாம். இளமையில் அவர் விதைத்தவை சாமையும் கேழ்வரகும். வீட்டு அடுப்புக்கே போதும் அவை. பிள்ளைகள் காலத்தில் அச்சரிவுகளை மரவள்ளி பிடித்துக்கொண்டது. கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்கு இறங்கியது; ரேஷன் அரிசி மலையேறியது. என் கருத்தில், ஆட்சி மாற்றங்களைவிட இதுவே அவர் கண்ட பெரிய வரலாறு.

வயதைக் கணிப்பது வெறும் ஆராய்ச்சி ஆர்வமன்று. தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது. இன்று அதற்கு அறுபது வயது நிறைந்திருக்க வேண்டும். மதிப்பிடுபவர் ஐந்தாண்டு குறைத்துவிட்டால், ஆதரவற்ற மூதாட்டி ஐந்தாண்டு வெறுங்கையோடு காத்திருக்க நேரும். ஆதார் பதிவிலும் பிறந்த நாள் தெரியாதவர்க்கு வயதை மட்டும் கேட்டு, அவ்வாண்டின் சனவரி முதல் நாளை இட்டுவிடுகின்றனர். ஒரே வீட்டில் பாட்டனும் பாட்டியும் சனவரி முதல் நாளிலேயே பிறந்திருப்பது அதனால்தான்.