நான்கு கட்டளைகளில் ஒரு கணினி

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

பரமபதம் ஆடாதவர் நம்மில் யாரேனும் உண்டா? தாயக்கட்டையை உருட்டுகிறோம், காய் கட்டம் கட்டமாக நகர்கிறது. ஏணி வந்தால் ஏறுகிறது. பாம்பு வந்தால் இறங்குகிறது. இந்த விளையாட்டை அறிந்தவர்களுக்குக் கணினியின் உள்ளே நடப்பதும் பாதி தெரியும் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சென்ற ஆண்டு வரை நானும் சிரித்திருப்பேன்.

கணினிக்கு எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று வகுப்பில் படித்திருக்கிறோம். பாலிடெக்னிக்கில் பயிலும் என் அண்ணனின் நோட்டில், இன்டெல் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட 8085 என்னும் மைக்ரோபிராசஸருக்கான கட்டளை அட்டவணை ஒன்று உள்ளது. அதற்கு 60 என்ற எண்ணைக் கட்டளையாகக் கொடுத்தால் 'ஏ' என்னும் பெட்டியில் உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டும். 61 கொடுத்தால் ஒன்றைக் குறைக்கும். இப்பெட்டிக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். இப்படியே பக்கம் பக்கமாக எண்களை எழுதினால், எங்கே தவறினோம் என்று கண்டுபிடிப்பதற்குள் கண் பூத்துவிடும். ஆகவே 60-க்குப் பதிலாக 'ஐஎன்ஆர் ஏ' என்றும், 61-க்குப் பதிலாக 'டிசிஆர் ஏ' என்றும் சுருக்கச் சொற்களால் எழுதினார்கள். இதுவே அசெம்ப்ளி மொழி.

இம்மொழிக்கு வித்திட்டவர் ஒரு பெண்மணி என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. லண்டன் பர்க்பெக் கல்லூரியில் பணியாற்றிய கேத்லீன் பூத் அம்மையார், ஏ.ஆர்.சி. என்னும் கணினிக்காக 1947-இல் இத்தகைய குறியீட்டு முறையை வகுத்தார். 1922-இல் பிறந்த அவர் 2022-இல், நூறு வயது நிறைந்த பின் காலமானார். 1949-இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியிலும் கூட்டலுக்கு 'ஏ', கழித்தலுக்கு 'எஸ்' என்று எழுத்துகளாலேயே கட்டளை எழுதினார்கள். வரலாறு இவ்வளவு போதும். இனி என் கதைக்கு வருகிறேன்.

அட்வென்ட் என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் என்பது நமக்குத் தெரிந்ததே. அக்காலத்தில் நாளுக்கொரு சன்னல் திறக்கும் காலண்டர் உண்டல்லவா? அதைப் போலவே நாளுக்கொரு நிரல் புதிர் வெளியிடும் 'அட்வென்ட் ஆஃப் கோட்' என்னும் போட்டியை எரிக் வாஸ்ட்ல் என்பவர் 2015-இல் தொடங்கினார். 2016 டிசம்பர் 12-ஆம் நாளின் புதிர் இதுதான்: எந்தக் கணினியிலும் இல்லாத ஒரு கற்பனை அசெம்ப்ளி மொழியில் ஒரு சிறிய நிரல் தரப்படும். அதை ஓட்டி முடித்தபின் முதல் பெட்டியில் என்ன எண் இருக்கும்? அந்த மொழியை அறிந்த கணினி உலகிலேயே இல்லையாதலால், அதை வரி வரியாகப் படித்து நிறைவேற்றும் ஒரு நிரலை நாமே எழுத வேண்டும். அதற்கு இன்டர்பிரெட்டர் என்று பெயர்.

அம்மொழியில் பெட்டிகள் நான்கு; கட்டளைகளும் நான்கே. நான் அவற்றைத் தமிழாக்கிக் கொண்டேன். பெட்டிகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டேன். 'வை 3 அ' என்றால் 3-ஐ அ பெட்டியில் வைக்க வேண்டும். 'ஏற்று அ' என்றால் ஒன்று கூட்ட வேண்டும்; 'இறக்கு அ' என்றால் ஒன்று குறைக்க வேண்டும். 'தாவு ஆ -2' என்றால், ஆ பெட்டி காலியாக இல்லாவிடில் இரண்டு வரி மேலே தாவ வேண்டும். காலியாக இருந்தால் தாவாமல் அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும். இதுதான் நம் பரமபதப் பாம்பு!

கூட்டல் என்ற கட்டளையே இதில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பின் 3-ஐயும் 4-ஐயும் எப்படிக் கூட்டுவது? இப்படித்தான்:

1. வை 3 அ
2. வை 4 ஆ
3. ஏற்று அ
4. இறக்கு ஆ
5. தாவு ஆ -2

ஆ-விலிருந்து ஒன்று எடுக்கும்போதெல்லாம் அ-வில் ஒன்று போடுகிறோம். ஆ காலியானதும் அ-வில் 7 இருக்கும். இதற்கு மொத்தம் 14 அடிகள்.

இன்டர்பிரெட்டரைப் பைத்தானில் எழுதினேன். வரிகளை ஒரு பட்டியலாக வைத்தேன். எந்த வரியில் நிற்கிறோம் என்பதை ஓர் எண்ணில் வைத்தேன். அதைக் 'காய்' என்று அழைத்தேன். காய் நிற்கும் வரியை எடுத்துச் சொல் சொல்லாகப் பிரித்து, சொன்னதைச் செய்து, காயை ஒன்று நகர்த்தவேண்டும். பட்டியலைக் காய் தாண்டினால் ஆட்டம் முடிந்தது. இருபது வரிகூட ஆகவில்லை. (இடையில் ஒரு வேடிக்கை. 'வை' என்பதில் எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டால் 2 என்கிறது! வகரத்தையும் ஐகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறதாம். எங்கள் தமிழாசிரியை கேட்டால் அதைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்.)

முதலில் 3-ஐயும் 1-ஐயும் கூட்டிப் பார்த்தேன். 4 வந்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. பிறகு 3-ஐயும் 4-ஐயும் கொடுத்தேன். அப்போதும் 4 என்றது. 3-ஐயும் 9-ஐயும் கொடுத்தாலும் 4 தான். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. அமைதியாகத் தவறான விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று மாலை வீட்டில் கூடத்துத் தரையில் நான்கு கட்டம் வரைந்து, புளியங்கொட்டைகளை வைத்து, நானே கணினியாக உட்கார்ந்தேன். என் தங்கை வரிகளின் மேல் விரல் வைத்து வாசித்தாள். தாவு வந்தபோது அவள் விரல் 3-ஆம் வரிக்குப் போய் நின்றது. என் நிரலோ அங்கே நிற்பதில்லை. தாவிய பின்னும் வழக்கம்போல் காயை இன்னொன்று நகர்த்திவிட்டது! பாம்பில் இறங்கியவள் இறங்கிய கட்டத்திலேயே நிற்கவேண்டும் என்ற விதியை நான் எழுதவில்லை. அதனால் 'ஏற்று' என்ற வரியில் காய் மறுபடி நிற்கவே இல்லை. 'இறக்கு' மட்டும் திரும்பத் திரும்ப நடந்தது. 3-உடன் 1-ஐக் கூட்டும்போது தாவ வேண்டிய அவசியமே இல்லையாதலால் பிழை ஒளிந்துகொண்டது. எளிய கணக்கைக் கொடுத்து என்னை நானே ஏமாற்றிக் கொண்டேன்.

அதைத் திருத்தியதும் என் தங்கை, "அக்கா, ஆ-வில் ஒன்றுமே வைக்காவிட்டால்?" என்று கேட்டாள். வைத்துப் பார்த்தோம். அ 4 ஆனது. ஆ -1 ஆனது. -1 என்பது பூச்சியம் இல்லையே! ஆகவே தாவியது. பின் -2, -3 என்று பாதாளத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. 3-உடன் 0-ஐக் கூட்டச் சொன்னால் என் கணினி உலக முடிவுவரை கூட்டும். இம்முறை பிழை இன்டர்பிரெட்டரில் இல்லை. நான் எழுதிய ஐந்து வரிகளில். 'ஏற்று' என்பதற்கு முன்னே 'தாவு ஆ 2', 'தாவு 1 4' என்று இரண்டு வரிகளைச் சேர்த்தேன். 1 என்றும் பூச்சியம் ஆகாது. ஆதலால் இரண்டாவது தாவு கட்டாயத் தாவு. ஆ காலியாக இருந்தால் அது நேரே வெளியே கொண்டுபோய் விடும்.

முடிவில்லாத நிரலை ஓட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்து எச்சரிக்கும்படி இன்டர்பிரெட்டரை எழுதக்கூடாதா என்று எனக்கு ஆசை. ஆனால் எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் அப்படியொரு வழி இருக்கவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936-இலேயே நிரூபித்துவிட்டார். அது பெரிய கணினிகளுக்குத்தானே, என் நாலு பெட்டிப் பொம்மைக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும். பெட்டிகளில் எவ்வளவு பெரிய எண்ணையும் வைக்கலாம் என்றால், ஏற்றுதல், இறக்குதல், பூச்சியமா என்று பார்த்துத் தாவுதல் ஆகியவற்றைக் கொண்டே எந்தக் கணினியின் வேலையையும் செய்துவிடலாம் என்று மார்வின் மின்ஸ்கி 1967-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார். அதற்கு இரண்டு பெட்டிகளே போதுமாம்! வேகத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

ஆகவே நான் ஒரு குறுக்குவழி செய்தேன். பத்து லட்சம் அடிகளைத் தாண்டினால் 'இது முடியாத நிரல்' என்று அறிவித்து நின்றுவிடும்படி எழுதினேன். பிறகு பள்ளிக் கணினி ஆய்வகத்தில், புதிரின் சொற்களை என் தமிழ்ச் சொற்களாக மாற்றி ஓட்டினேன். முதற்பகுதிக்கு விடை வந்தது. இரண்டாம் பகுதியில் மூன்றாவது பெட்டியில் 1 வைத்துத் தொடங்கவேண்டும், மற்றவை அப்படியே. என் இன்டர்பிரெட்டர் சற்று நேரத்தில் 'இது முடியாத நிரல்' என்று நின்றுவிட்டது. புதிருக்கு விடை உண்டு என்பது உறுதி. அப்படியானால் பொய் சொன்னது நான் வைத்த எல்லைதான். அந்நிரல் ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் பெரிய எண்ணை அடைவதால் கோடிக்கணக்கான அடிகள் தேவைப்பட்டன.

எல்லையை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை. முடியாமல் ஓடுகிறதா, மெதுவாக ஓடுகிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் சொல்ல முடியாது. மணி அடிக்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. பின்வரிசையில் நாற்காலிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது நிமிடத்தில் அந்த எண் வந்தது.