குறிப்பெழுத இடமில்லாத கோப்பு

பாடசாலை இடாப்பில் ஒரு பெயருக்கெதிரே காரணம் எழுதப்படாத சிவப்புக் கோடு கிடந்தால், அடுத்து வரும் ஆசிரியர் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்வார்? கணினி மென்பொருள் ஆக்குவோர்க்கும் இவ்விடர்ப்பாடு உண்டு.

மென்பொருள் எவ்வாறு இயங்கவேண்டும் என்னும் விபரங்களை அமைவுக் கோப்பு என்னும் தனிக் கோப்பிலே எழுதிவைப்பர். ஜேசன் என்பது அதற்குப் பெருவழக்கான முறை. நெளிந்த அடைப்புக்குறிகளுக்குள்ளே பெயரும் அதன் பெறுமானமும் இணையாக நிற்கும். காத்திருக்கும் நேரம் 30 விநாடி என்று ஒரு கோப்பிற் கண்டால், ஏன் 30, ஏன் 10 அன்று என்பதைச் சொல்ல அங்கே இடமில்லை. காரணம் அறியாதவர் அதனை 10 ஆக்கிவிட்டால், மெதுவான இணைப்புடையோர் வெளியே நிற்க நேரும்.

இக்குறை மறதியால் வந்ததன்று. ஜேசனை வகுத்த அமெரிக்கரான டக்ளஸ் குரொக்ஃபோர்ட் வேண்டுமென்றே குறிப்புகளை நீக்கினார். சிலர் குறிப்புக்குள்ளே வாசிக்கும் நிரலுக்கான கட்டளைகளைப் பொதிந்துவைக்கக் கண்டதே காரணமென்று 2012இல் அவர் விளக்கினார். அவ்வழக்கம் பரவினால் ஒரே கோப்பை இரு நிரல்கள் இருவிதமாக வாசிக்கும். பொதுவான பரிமாற்ற முறை என்னும் நோக்கமே பாழாகும். இவ்வாதம் இயந்திரங்கள் தமக்குள் அனுப்பும் தரவுக்கு முற்றும் பொருந்தும். மனிதர் கையால் எழுதித் திருத்தும் கோப்புக்கும் பொருந்துமென்று நான் கருதவில்லை. குரொக்ஃபோர்டே அத்தகையோர்க்கு ஒரு வழி சொன்னார்: குறிப்புகளை விரும்பியவாறு எழுதுக, ஜேஎஸ்மின் என்னும் கருவியால் அவற்றைக் களைந்த பின்னர் நிரலுக்குக் கொடுக்க.

குறிப்பு என்றொரு பெயரிட்டு, அதன் பெறுமானமாகக் காரணத்தை எழுதுவது பலர் கையாளும் உபாயம். இயந்திரத்துக்கு அதுவும் தரவே. அறியாத பெயரைக் கண்டதும் கோப்பையே மறுக்கும் கண்டிப்பான மென்பொருள்களும் உள. அதே பெயரை இருமுறை இட்டால் பல நிரல்கள் இறுதியானதை மட்டுமே வைத்துக்கொள்ளும்.

விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் பதிப்பி தன் அமைவுக் கோப்பில் இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்பை ஏற்கிறது. அக்கோப்பை வேறொரு சாதாரண ஜேசன் நிரல் வாசிக்க முயன்றால் பிழையென்று நின்றுவிடும். ஆகவே கோப்பை எவையெவை வாசிக்கும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். புதிதாகத் தொடங்குவோர், குறிப்புக்கு இடமளிக்கும் டொமல், யமல் என்னும் முறைகளைத் தெரிந்துகொள்ளலாம். ஏலவே கண்டிப்பான ஜேசனைக் கொண்டுள்ளோர், காரணங்களைத் தனி ஏட்டில் எழுதி, அதனை அக்கோப்பின் பக்கத்திலேயே வைப்பது நன்று.